ஃப்ரெண்டோட ஒரு நாள் பால்டிமோர் போய் பேஸ்பால் மேட்ச்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான் ஃபிலடெல்பியா பக்கம் இருக்கேன். கூட வேலை பாக்கற அமெரிக்க ஃப்ரெண்ட் ஒருத்தன், ஃபிலீஸ் டீம்னா உயிரை விடுவான். ஜூலைல ஃபிலீஸ் பால்டிமோர் போய் ஆடுதாம், காலைல கார்ல கிளம்பி ராத்திரி வந்துடலாம் வாடான்னு கூப்பிடறான். எனக்கு கிரிக்கெட் தவிர ஒண்ணும் தெரியாது. போகலாமா, இல்ல புரியாம உக்காந்து அவன் சந்தோஷத்தையும் கெடுத்துடுவேனா?

பதில்: கண்டிப்பா போங்க, யோசிக்கவே யோசிக்காதீங்க. 100 மைல்தான், ஐ-95-ல ரெண்டு மணி நேரம், நடுவுல டெலவேர்ல ஒரு டோல், பால்டிமோர்ல ஃபோர்ட் மெக்ஹென்றி சுரங்கப்பாதைல ஒரு டோல், கார்ல ஈஸி பாஸ், அதாவது டோல் காசு தானா கழியற கருவி, இருந்தா நிக்காம போயிடலாம். புரியாதுன்னு பயமே வேணாம், கிரிக்கெட் பாத்து வளந்தவனுக்கு பாதி ஏற்கனவே தெரியும். பந்து தரைல குத்தாம நேரா வரும், அது ஒண்ணு. பின்னாடி தட்டிவிட்டு ஓட முடியாது, ரெண்டு கோட்டுக்கு நடுவுல முன்னாடிதான் அடிக்கணும், வெளில போனா ஃபவுல். பேட்ட சுத்தி பந்த தவறவிட்டாலோ, நல்ல பந்த அடிக்காம விட்டாலோ ஒரு ஸ்ட்ரைக், 3 ஸ்ட்ரைக்னா அவுட். பிட்சர், அதான் நம்ம பவுலர், 4 பந்து தப்பா போட்டா பேட்ஸ்மேன் சும்மாவே முதல் பேஸுக்கு, அதாவது ரன் எடுக்க சுத்தி ஓடற நாலு இடத்துல முதல் இடத்துக்கு, நடந்து போயிடலாம். 3 அவுட் ஆனா அடுத்த டீம் பேட்டிங், இப்படி 9 இன்னிங்ஸ். இது போதும், மிச்சத்த அவன்கிட்ட கேளுங்க. கேக்கறதுல கூச்சப்படாதீங்க, தனக்கு புடிச்ச விளையாட்ட ஃப்ரெண்டுக்கு சொல்லிக்குடுக்கறத விட ஒரு ரசிகனுக்கு சந்தோஷம் எதுவும் இல்ல.

முன்னாடி மாதிரி ரொம்ப இழுக்கறதும் இல்ல. 2023-ல பிட்ச் கிளாக் கொண்டுவந்தாங்க, பேஸ்ல யாரும் இல்லன்னா 15 செகண்டுக்குள்ள பிட்சர் பந்து போட ஆரம்பிச்சாகணும், அதுலேர்ந்து நெறைய மேட்ச் ரெண்டே முக்கால் மணி நேரத்துக்குள்ள முடிஞ்சுடுது. ஆனா அதுக்குள்ளயும் பேச இடம் இருக்கு, ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் நடுவுல, இன்னிங்ஸ் மாறும்போது. பக்கத்துல பக்கத்துல உக்காந்து முகத்த பாக்காம பேசறப்ப வர்ற பேச்சே வேற மாதிரி இருக்கும், ஆஃபீஸ்ல வருஷக்கணக்கா தெரியாதது ஒரு மதியத்துல தெரிஞ்சுடும்.

கேள்வி: மதிய மேட்ச் அது. வெயில்ல கருகிடுவோமோன்னு பயமா இருக்கு, எந்தப் பக்கம் டிக்கெட் எடுக்கறது?

பதில்: மூணாவது பேஸ் பக்கம். மேட்ச் நடக்கற கேம்டன் யார்ட்ஸ் மைதானத்துல மதியத்துக்கு மேல சூரியன் அந்தப் பக்கத்து ஸ்டாண்டுக்கு பின்னால இறங்கும், அதனால நிழல் அங்கதான் முதல்ல வரும், அதுலயும் மேல கூரை நீட்டிட்டு இருக்கற பின் வரிசைன்னா இன்னும் நல்லது. பால்டிமோர் டீமான ஓரியோல்ஸ் ஆளுங்க உக்கார்ற டக்அவுட் முதல் பேஸ் பக்கம், ஃபிலீஸ் ஆளுங்க மூணாவது பேஸ் பக்கம், ஆக உங்க ஃப்ரெண்டுக்கும் அதே பக்கம்தான் தோது. வெளியாட்கள் முதல் வரிசைக்கு ஆசப்பட்டு அவுட்ஃபீல்டுல போய் வெயில்ல மாட்டிக்கறத நான் நெறைய பாத்திருக்கேன். தண்ணி நெறைய குடிங்க, ஜூலைல அந்த ஊர் புழுக்கம் லேசுப்பட்டது இல்ல. சாப்பாடும் சீல் பிரிக்காத தண்ணி பாட்டிலும் கொண்டுவர விடறாங்க, பை சைஸுக்கு மட்டும் விதி இருக்கு, போறதுக்கு முன்னாடி டீம் சைட்ல ஒரு தடவ பாத்துக்கோங்க.

கேள்வி: மேட்ச் தவிர பாக்க அங்க என்ன இருக்கு? எத்தன மணிக்கு போய் சேரணும்?

பதில்: கேட் திறக்கறப்பவே போய் நில்லுங்க, இத நான் கெஞ்சி கேக்கறேன். அந்த மைதானம் 1992-ல திறந்தது, ஊருக்கு வெளில பெரிய பார்க்கிங் லாட் நடுவுல கான்கிரீட் வளையம் கட்டற பழக்கத்த விட்டுட்டு நகரத்துக்குள்ளயே பழைய செங்கல் கட்டடத்தோட ஒட்டி கட்டினாங்க, அதுக்கப்புறம் எத்தனையோ ஊர் அதப் பாத்து கட்டிச்சு. ரைட் ஃபீல்டுக்கு, அதாவது வலது பக்க அவுட்ஃபீல்டுக்கு, பின்னாடி ரயில்வேயோட பழைய கிடங்கு நிக்குது, ஆயிரம் அடிக்கு மேல நீளம். அதுக்கும் மைதானத்துக்கும் நடுவுல யூடா ஸ்ட்ரீட், அங்க வந்து விழுந்த ஒவ்வொரு ஹோம் ரன்னுக்கும் (நம்ம சிக்ஸர் மாதிரி) தரைல ஒரு பித்தளை தகடு பதிச்சிருக்காங்க, நூறுக்கு மேல இருக்கு, குனிஞ்சு பேர் படிச்சுகிட்டே நடக்கலாம். கிடங்கு சுவத்து மேலயே நேரா அடிச்சது கென் கிரிஃபி ஜூனியர்ங்கற ஆட்டக்காரர் மட்டும்தான், அதுவும் 1993 ஹோம் ரன் டெர்பிங்கற ஹோம் ரன் அடிக்கற போட்டில, நிஜ மேட்ச்ல இன்னும் யாரும் அடிக்கல. பேஸ்பால் ஜாம்பவான் பேப் ரூத் பொறந்த வீடு கொஞ்ச தூரம் நடந்தா வந்துடும், இப்ப மியூசியம். அவங்கப்பா நடத்தின மதுக்கடை ஒண்ணு, இப்ப அவுட்ஃபீல்டு இருக்கற இடத்துலயே இருந்துச்சாம். இத உங்க ஃப்ரெண்டுகிட்ட நீங்க சொல்லுங்க, அவனுக்கே தெரியாம இருக்கலாம்.

கேள்வி: மழை வந்துட்டா? நூறு மைல் போயிட்டு வெறுங்கையோட வரணுமா?

பதில்: கோடைல சாயங்காலம் இடி மழை அடிக்கடி வரும், வந்தா பெரிய தார்ப்பாய மைதானத்து மேல இழுத்துப் போட்டு மூடிட்டு காத்திருப்பாங்க. 5 இன்னிங்ஸ் முடிஞ்சுட்டா மேட்ச் கணக்குல சேந்துடும், அதுக்கு முன்னாடியே நின்னு அன்னிக்கு நடக்காமலே போச்சுன்னா டிக்கெட்ட இன்னொரு நாளுக்கு மாத்திக்க வழி உண்டு. இந்த 5 இன்னிங்ஸ் கணக்கால அந்த மைதானத்துல ஒரு பெரிய விஷயமே நடந்திருக்கு. 1995 செப்டம்பர் 6, ஓரியோல்ஸ் ஆட்டக்காரர் கால் ரிப்கன் ஜூனியர் ஒரு மேட்ச் கூட விடாம தொடர்ந்து 2,131-வது மேட்ச் ஆடி பழைய ஆட்டக்காரர் லூ கெரிக்கோட ரெக்கார்ட முறியடிச்ச ராத்திரி, ஆட்டம் பாதி தாண்டி கணக்குல சேந்த அந்த நிமிஷத்துல கிடங்கு சுவத்துல தொங்கின, அவர் ஆடின மேட்ச் எண் மாறிச்சு, 22 நிமிஷம் ஆட்டம் நின்னுச்சு, அவர் மைதானத்த சுத்தி ஓடி ஓரத்துல நின்ன ஜனங்க கைய தொட்டுட்டு வந்தார்.

நானும் என் ஃப்ரெண்டும் போனப்ப நாலாவது இன்னிங்ஸ்ல மழை புடிச்சுகிச்சு, ஒன்றரை மணி நேரம் கூரைக்கடியில நின்னோம். அவன் கைல ஒரு ஸ்கோர்கார்டும் பென்சிலும். பேஸ்பால்ல ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு நம்பர், பிட்சர் 1, கேட்சர் 2, இப்படி 9 வரைக்கும், 6-4-3ன்னு எழுதினா ஷார்ட்ஸ்டாப் (ரெண்டாவது, மூணாவது பேஸுக்கு நடுவுல நிக்கறவர்) எடுத்து ரெண்டாவது பேஸ் ஆளுக்கு குடுத்து அவர் முதல் பேஸுக்கு எறிஞ்சு ரெண்டு பேர் அவுட்னு அர்த்தம், ஸ்ட்ரைக் அவுட்டுக்கு கே, பேட்ட சுத்தாமலே நின்னு அவுட் ஆனா அதே கே-ய திருப்பி போடணும். இத அவங்கப்பா அவனுக்கு ஏழு வயசுல சொல்லிக்குடுத்தாராம், அவர் போயி அது ரெண்டாவது கோடை, அதுக்கப்புறம் அன்னிக்குதான் முதல் தடவையா ஸ்கோர் எழுதறான். பென்சில என்கிட்ட குடுத்து அடுத்த இன்னிங்ஸ் நீ எழுதுன்னான். மழை விட்டு மேட்ச் தொடர்ந்துச்சு, நான் எழுதினேன், ரெண்டு எடத்துல தப்பு, அவன் அழிக்க விடல. ஆளுக்கு ஒரு ஸ்கோர்கார்டு வாங்குங்க.

கேள்வி: அவன் ஃபிலீஸ் ஜெர்சி போட்டுட்டு வருவான். அடுத்த ஊர்ல வம்பு வருமா?

பதில்: வராது. பேஸ்பால்ல வெளியூர் ரசிகருக்குன்னு தனி அடைப்பு கிடையாது, எல்லாரும் கலந்துதான் உக்காருவாங்க. பக்கத்து சீட்டு பெரியவர் 1983 வேர்ல்டு சீரிஸ்ல, அதாவது அந்த வருஷ சாம்பியன்ஷிப் ஃபைனல்ல, ஓரியோல்ஸ் ஃபிலீஸ 4-1னு ஜெயிச்சத ஞாபகப்படுத்துவார், அவ்ளோதான். தேசிய கீதம் கடைசில திடீர்னு மைதானமே "ஓ"ன்னு கத்தும், ஓரியோல்ஸோட முதல் எழுத்து அது, பதறிடாதீங்க.

கேள்வி: ராத்திரி டிராஃபிக்குக்கு பயந்து எட்டாவது இன்னிங்ஸ்லயே கிளம்பிடலாமா?

பதில்: வேணாம். இங்க ஓவர் தீந்துபோச்சுங்கற கணக்கே இல்ல, கடைசி அவுட் விழற வரைக்கும் தோக்கற டீமுக்கு வழி திறந்தே இருக்கு, 6 ரன் பின்தங்கின டீம் 9-வது இன்னிங்ஸ்ல ஜெயிச்சதெல்லாம் உண்டு. டையும் கிடையாது, சமமா இருந்தா எக்ஸ்ட்ரா இன்னிங்ஸ், ரெண்டாவது பேஸ்ல ஒரு ரன்னர நிறுத்தியே ஆரம்பிப்பாங்க. முழுசா பாத்துட்டு, கூட்டம் கரையற வரைக்கும் யூடா ஸ்ட்ரீட்ல ஒரு நடை நடந்துட்டு கிளம்புங்க. வடக்கு பாத்து வரும்போது பெரிவில் கிட்ட ஒரு டோல் கூடுதலா இருக்கும், போகும்போது அது கிடையாது. அதுக்கு முன்னாடி மேரிலேண்ட் ஹவுஸ்னு ரோட்டு நடுவுலயே ரெஸ்ட் ஏரியா இருக்கு, அங்க நிறுத்தி ஒரு காபி குடிங்க. போகும்போது அவன் ஓட்டினா வரும்போது நீங்க ஓட்டுங்க, அவன் பக்கத்துல ஸ்கோர்கார்ட மடில வச்சுகிட்டு முதல் இன்னிங்ஸ்லேர்ந்து மறுபடி மேட்ச சொல்லிட்டு வருவான்.