மீதமுள்ள சிப்ரோ மாத்திரையை அம்மாவுக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 62 வயது, சர்க்கரை நோய் உண்டு. சிறுநீர்த் தொற்றுக்கு டாக்டர் சிப்ரோஃப்ளாக்சசின் 500 எழுதினார். எரிச்சல் நின்றதும் அம்மாவே நிறுத்திவிட்டார். 4 மாத்திரை மீதி. இப்போது மறுபடி எரிச்சல். அதையே அரை அரையாகக் கொடுக்கலாமா? ஆன்டிபயாடிக்கே கிருமியை மாற்றிவிடும் என்கிறான் தம்பி. உண்மையா?

பதில்: கொடுக்க வேண்டாம். அரையாக, நிச்சயம் வேண்டாம்.

தம்பி சொல்வதில் பெரும்பகுதி சரி. கிருமி பெருகும்போது மரபணுவில் தற்செயலாகப் பிழைகள் விழும். அப்படி மாறியதில் ஒன்றிரண்டை மருந்தால் கொல்ல முடியாது. மற்றவை செத்ததும் அவை பெருகும். இது எல்லா ஆன்டிபயாடிக்குக்கும் பொது. சிப்ரோ இதற்கு மேலும் ஒன்று செய்கிறது. டிஎன்ஏ-வின் முறுக்கைச் சரிசெய்யும் கைரேஸ் என்ற நொதியை அது பிடித்து நிறுத்த, டிஎன்ஏ அறுந்துபோகிறது. மருந்து போதுமான அளவில் இருந்தால் கிருமி சாகும். குறைந்தால் காயத்தோடு பிழைக்கும். அப்போது எஸ்ஓஎஸ் எனப்படும் அவசர ஏற்பாடு தொடங்குகிறது: அதைப் பூட்டி வைத்திருக்கும் லெக்ஸ்ஏ புரதம் உடைய, அவசரத்தில் தப்பும் தவறுமாக டிஎன்ஏ-வைப் படியெடுக்கும் நொதிகள் வேலைக்கு வருகின்றன. பிழைகள் கூடுகின்றன. 2005-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் லெக்ஸ்ஏ உடையாதபடி மாற்றிய ஈ.கோலை என்ற குடல் கிருமியை எலிகளுக்குச் செலுத்தி சிப்ரோ கொடுத்தார்கள். மருந்துக்கு எதிர்ப்பு உருவாகவில்லை.

கிருமி எதிர்ப்பைப் பெற இன்னொரு வழியும் உண்டு. என்னைக் கேட்டால் அதுதான் அதிகம் கவலைப்பட வேண்டியது. 1992 இறுதியில் சென்னையில் ஓ139 என்ற புதுவகைக் காலரா கிருமி தலைகாட்டியது. பல மருந்துகளுக்கான எதிர்ப்பு மரபணுக்கள் எஸ்எக்ஸ்டி என்ற ஒரே துண்டாக அதன் மரபணுத் தொகுதிக்குள் உட்கார்ந்திருந்தன. இதே எஸ்ஓஎஸ் கிளம்பினால் அந்தத் துண்டு விடுபட்டுப் பக்கத்துக் கிருமிக்குத் தாவுகிறது. சிப்ரோ இந்தத் தாவலைப் பல மடங்கு கூட்டுவதை 2004-இல் நிரூபித்தார்கள்.

மாத்திரை சிறுநீர்ப்பைக்கு மட்டும் போவதில்லை, குடலுக்கும் போகிறது. அடுத்த தொற்றுக்கான ஈ.கோலை பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும்.

சரி, இப்போது என்ன செய்வது? எந்த ஆன்டிபயாடிக்கும் போடுவதற்கு முன்பே யூரின் கல்ச்சருக்கு, அதாவது சிறுநீரில் எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, கொடுங்கள். முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். ரிப்போர்ட் வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை எரிச்சலைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை, சாம்பிள் கொடுத்த அன்றே டாக்டரைப் பாருங்கள். இடையில் நிறுத்தியதையும் சொல்லுங்கள். இப்போதெல்லாம் சில தொற்றுகளுக்கு 3 அல்லது 5 நாள் மருந்தே போதும், ஆனால் அந்தக் கணக்கு டாக்டருடையது. குளிர் காய்ச்சல், விலாவில் வலி, வாந்தி இருந்தால் தாமதிக்கவே கூடாது.

அப்புறம் ஒன்று. போன முறை சிப்ரோவைப் பாலோடு போட்டாரா? கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை, ஜெலுசில் போன்றவற்றோடு? இவை மருந்து உடலில் சேர்வதைக் கணிசமாகக் குறைக்கும். முழு மாத்திரை போட்டும் அரை மாத்திரை போட்ட கதைதான். டாக்டர் மறுபடி சிப்ரோவே எழுதினால், அதற்கு 2 மணி நேரம் கழித்துத்தான் இவற்றைக் கொடுக்க வேண்டும். சர்க்கரைக்கு கிளிமிபிரைடு சாப்பிடுகிறார் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். சிப்ரோவோடு சேரும்போது சர்க்கரை திடீரென இறங்கிவிடலாம்.