டர்போ பெட்ரோல் கார்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

என் 1.0 லிட்டர் டர்போ பெட்ரோல் காருக்கு 15,000 கி.மீ. அல்லது ஒரு வருடத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றினால் போதும் என்று புத்தகத்தில் இருக்கிறது. வீட்டிலிருந்து அலுவலகம் 4 கி.மீ.தான். தெரிந்த மெக்கானிக் ‘ஆறு மாசத்துக்கு ஒரு தடவை மாத்திடுங்க சார்’ என்கிறார். ஷோரூமில் தேவையே இல்லை என்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது?
– வாசகர், கோயம்புத்தூர்

மெக்கானிக் பேச்சைக் கேளுங்கள். புத்தகத்தில் உள்ள 15,000 பொய்யில்லை. ஆனால், அது இன்ஜின் நன்றாகச் சூடாகி ஓடுகிற காருக்கான கணக்கு. பெரும்பாலான புத்தகங்களில் ‘கடினமான பயன்பாடு’ என்று இன்னொரு பட்டியலும் இருக்கும்: குறுந்தூரம், நெரிசல், தூசி, மலைப்பாதை. நம் ஊர்களில் அந்தப் பட்டியலில் சிக்காத கார்தான் குறைவு.

4 கி.மீ. போவதற்குள் டெம்பரேச்சர் முள் ஏறிவிடும். ஆனால், அது காட்டுவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் சூட்டை. ஆயில் முழுச் சூட்டுக்கு வர அதைவிட நேரம் பிடிக்கும். குளிர்ந்த இன்ஜினுக்கு பெட்ரோல் கூடுதலாகப் பீய்ச்சப்படுகிறது. சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சும் டைரக்ட் இன்ஜெக்‌ஷன் என்றால், அதில் ஒரு பங்கு சிலிண்டர் சுவரில் படிந்து, பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயிலில் கலந்துவிடும். ஆயில் நன்றாகச் சூடானால்தான் அந்த பெட்ரோல் ஆவியாகி வெளியேறும். உங்கள் ஓட்டத்தில் அது நடக்காது. டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) உருவி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை தூக்கலாக அடித்தாலோ, அளவு குறைவதற்குப் பதில் ஏறியிருந்தாலோ ஆயில் நீர்த்துவிட்டது. அதே ஆயில்தான் இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவுக்கும் போகிறது. சின்ன டர்போவின் தண்டு முழு வேகத்தில் நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்று வரை சுழலும். அதைத் தாங்கிப் பிடிப்பது பேரிங்கில் இருக்கும் மெல்லிய ஆயில் படலம்தான்.

ஆகவே, கி.மீ. கணக்கை மறந்துவிட்டு ஆறு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபில்டரையும், சம்ப் (ஆயில் தேங்கும் தொட்டி) போல்ட்டின் வாஷரையும் கூடவே மாற்றுங்கள். வாரன்ட்டி இருப்பதால் ஆயிலின் கிரேடும் ஓடிய கி.மீ.யும் எழுதிய பில் கையில் இருக்கட்டும். வாரத்துக்கு ஒருநாள் பைபாஸில் அரை மணி நேரம் விடாமல் ஓட்டுங்கள்.

ஆயில் கடையில் ‘எல்லாம் ஒண்ணுதான், கெட்டியா இருந்தா இன்ஜினுக்கு நல்லது’ என்று 20டபிள்யூ-50 என்ற கெட்டி ஆயிலைக் கொடுக்கிறார்கள். ஊற்றலாமா?
– வாசகர், விருதுநகர்

ஊற்றாதீர்கள். கெட்டியான ஆயில் காலையில் ஸ்டார்ட் செய்ததும் டர்போவரை போய்ச்சேரத் தாமதமாகும். அந்தச் சில நொடிகளில்தான் பேரிங் தேய்கிறது. புத்தகத்தில் 5டபிள்யூ-30 என்றால் 5டபிள்யூ-30, 0டபிள்யூ-20 என்றால் 0டபிள்யூ-20. இதில் பேரமில்லை.

இன்னொன்றையும் டப்பாவில் பார்க்க வேண்டும். ஏபிஐ (அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிடியூட்) வட்ட முத்திரைக்குள் ‘எஸ்பி’ என்று இருக்கிறதா? 2020-ல் வந்த தரம் இது. 2025-ல் ‘எஸ்க்யூ’ வந்திருக்கிறது, அதுவும் சரிதான். டர்போ பெட்ரோலுக்கு இது ஏன் முக்கியம் என்றால், எல்எஸ்பிஐ (குறைந்த வேகத்தில் நேரத்துக்கு முன்பே தீப்பிடிப்பது) என்ற ஒரு கோளாறு. டாப் கியரில், 1,500 ஆர்பிஎம்-மில், மேட்டில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிக்கிறீர்கள். டர்போ காற்றைத் திணிக்கிறது, சிலிண்டருக்குள் அழுத்தம் எகிறுகிறது. சுவரில் படிந்த ஆயிலும் பெட்ரோலும் கலந்த ஒரு துளி தெறித்து, பிளக் பொறி விடுவதற்கு முன்பே தீப்பிடிக்கிறது. பிஸ்டன் இன்னும் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே வெடிப்பு நடந்தால் என்ன ஆகும்? ‘டங்’ என்று ஒரு சத்தம். சில சமயம் அந்த ஒரே அடியில் ரிங்குகளுக்கு நடுவே உள்ள பிஸ்டன் விளிம்பு உடைந்துவிடும். இன்ஜின் தட்டும் சத்தத்தை உணரும் நாக் சென்சாரால் இதைத் தடுக்க முடியாது. அது இக்னிஷனைத் தாமதப்படுத்தத்தான் முடியும், இங்கே தீ வைத்தது பிளக் இல்லையே!

பழைய தர ஆயில்களில் சுத்திகரிப்புக்குச் சேர்த்த கால்சியம் இதைத் தூண்டுவது சோதனைகளில் தெரிந்தது. புதிய தர ஆயில்களில் கால்சியத்தைக் குறைத்து மக்னீசியம் சேர்க்கிறார்கள். அதே எஸ்பி தரத்தில் வால்வுகளை இயக்கும் டைமிங் செயினின் தேய்மானத்துக்கும் தனிச் சோதனை உண்டு. மற்றபடி, இன்ஜின் திணறும்போது கியரைக் குறைத்து, 2,000-க்கு மேல் கொண்டுவந்து மிதிக்கும் பழக்கம் எந்த ஆயிலைவிடவும் நல்லது.

கொல்லிமலைக்கு அடிக்கடி போகிறவன். மேலே போனதும் இரண்டு நிமிடம் இன்ஜினை ஓடவிட்ட பிறகுதான் ஆஃப் செய்ய வேண்டும் என்கிறார்கள். ஆஃப் செய்த பிறகும் ஃபேன் ஓடுகிறது. ஏதாவது கோளாறா?
– வாசகர், நாமக்கல்

ஃபேன் ஓடுவது கோளாறில்லை. இன்ஜின் நின்றதும் டர்போவுக்குள் ஆயில் ஓட்டமும் நிற்கிறது. எக்ஸாஸ்ட் பக்கத்துச் சூடு பேரிங்குக்குப் பரவி, அங்கே தேங்கிய ஆயிலைக் கரியாக்கும். அதைத் தடுக்கத்தான் பல கார்களில் தனி மின் பம்ப் கூலன்ட்டைச் சிறிது நேரம் சுற்றவிடுகிறது, ஃபேன் அந்தக் கூலன்ட்டை ஆற்றுகிறது. ஃபேன் ஓடும்போது பேட்டரியைக் கழற்றிவிடாதீர்கள்.

70 கொண்டை ஊசி வளைவு ஏறி, கடைசி வளைவை ஒட்டிய டீக்கடையில் நிறுத்தினால் ஒரு நிமிடம் ஐடிலில் விடுங்கள். மேலே சமதளத்தில் ஒன்றிரண்டு கி.மீ. மெதுவாக ஓட்டி வந்திருந்தால் அதுவும் வேண்டாம். மலை இறங்கி வந்ததும், டவுனில் ஓட்டியதும் ஐடிலில் நிறுத்துவது பெட்ரோலுக்குப் பிடித்த கேடு. காலையில்தான் எச்சரிக்கை வேண்டும்: ஸ்டார்ட் செய்து அரை நிமிடத்தில் கிளம்பலாம், ஆனால் முதல் 5 கி.மீ. 2,500 ஆர்பிஎம்-மைத் தாண்டாதீர்கள்.

50,000 கி.மீ. ஓடிய கார். திடீரென்று பிக்கப் இல்லை. மிதித்தால் ‘உஸ்’ஸென்று காற்று போகும் சத்தம். இன்ஜின் லைட் எரிகிறது. டர்போவையே மாற்ற வேண்டும் என்று பெரிய தொகை கேட்கிறார்கள்.
– வாசகர், திருச்சி

பணம் கொடுக்கும் முன் ஸ்கேனரில் வந்த பிழைக் குறியீட்டைக் கேட்டு வாங்குங்கள். பி0299 என்று இருந்தால் அதற்கு ‘காற்றழுத்தம் போதவில்லை’ என்றுதான் அர்த்தம். டர்போ போய்விட்டது என்று அது சொல்லவில்லை. நீங்கள் சொல்லும் சத்தத்தைப் பார்த்தால் டர்போவிலிருந்து காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும், அங்கிருந்து த்ராட்டிலுக்கும் போகும் ரப்பர் ஹோஸ்களில் ஒன்று கிழிந்திருக்க வேண்டும், அல்லது கிளிப் நழுவியிருக்க வேண்டும். ஹோஸின் அடிப்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். ஆயில் பிசுபிசுப்பில் தூசி ஒட்டிய இடம் இருந்தால் காற்று அங்கேதான் கசிகிறது. கண்ணுக்குத் தெரியாவிட்டால் குழாய்க்குள் புகை விட்டுக் கசிவைத் தேடும் ஸ்மோக் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். அதன் பிறகு டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட் ஆக்சுவேட்டர், அதன் கம்பி, மிகுதிக் காற்றைத் திருப்பிவிடும் டைவர்ட்டர் வால்வு என்று வரிசையாகப் பார்க்க வேண்டும்.

டர்போவைப் பார்ப்பது கடைசி. இன்ஜின் ஆறிய பிறகு ஏர் ஃபில்டர் பக்கத்துக் குழாயைக் கழற்றி, உள்ளே தெரியும் சக்கரத்தின் நட்டை விரலால் பிடித்து ஆட்டுங்கள். பக்கவாட்டில் இம்மியளவு ஆட்டம் இருக்கலாம், அது ஆயில் படலத்துக்கான இடைவெளி. முன்னும் பின்னும் ஆடினாலோ, இறக்கை உறையில் உரசிய கோடு தெரிந்தாலோதான் டர்போ போயிருக்கிறது. குழாயில் லேசான ஆயில் ஈரம் எல்லா டர்போ காரிலும் உண்டு. அதைக் காட்டி பயமுறுத்தினால் நம்பாதீர்கள்.

மாற்றியே ஆக வேண்டும் என்றால், பழையது ஏன் போனது என்று கேளுங்கள். பெரும்பாலும் ஆயில் வரும் மெல்லிய குழாய் கரி அடைத்திருக்கும். அந்தக் குழாயைப் புதிதாகப் போட வேண்டும், ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும், இன்டர்கூலரில் தேங்கிய ஆயிலையும் உடைந்த துணுக்குகளையும் கழுவ வேண்டும், ஸ்டார்ட் செய்யுமுன் டர்போவின் ஆயில் துளையில் புது ஆயில் ஊற்றிச் சக்கரத்தைக் கையால் சுற்றிவிட வேண்டும். இதையெல்லாம் விட்டுவிட்டால் புதிய டர்போவும் சீக்கிரமே பழையதன் வழியில் போகும்.

70,000 கி.மீ. ஆகிவிட்டது. காலையில் ஐடிலில் உதறுகிறது. பெட்ரோல் டேங்கில் ஊற்றும் கிளீனர் பாட்டில் பலன் தருமா?
– வாசகர், திருநெல்வேலி

முதலில் பிளக்கைப் பாருங்கள். டர்போ அழுத்தத்தில் பொறி தாண்டுவது கஷ்டம் என்பதால் இந்த இன்ஜின்களில் பிளக் இடைவெளி குறைவு, பெரும்பாலும் 0.7–0.8 மி.மீ. தேய்ந்து அது அகன்றால் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலுக்குத்தான் சுமை, பிறகு காயிலும் போகும். இரிடியம் பிளக்கைத் தட்டி இடைவெளி சரிசெய்யாமல் புதிது போடுங்கள். இன்ஜின் ஆறிய பிறகு, இறுக்கத்தை அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்ச் வைத்து.

பிளக் நன்றாக இருந்தால், இன்டேக் வால்வில் படியும் கரியாக இருக்கலாம். சாதாரண இன்ஜினில் பெட்ரோல் வால்வின் மேல் பட்டுக் கழுவிக்கொண்டே இருக்கும். டைரக்ட் இன்ஜெக்‌ஷனில் பெட்ரோல் வால்வைத் தொடுவதே இல்லை. அதனால் உங்கள் பாட்டிலும் அங்கே போய்ச்சேராது. இன்ஜெக்டர் முனையைச் சுத்தம் செய்யும், அவ்வளவுதான். வால்வுக்கு, இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றி வால்நட் ஓட்டுத் தூளைப் பீய்ச்சிச் சுரண்டுவதுதான் முழு வைத்தியம். அப்போது அந்தந்த சிலிண்டரின் வால்வு மூடியிருக்க வேண்டும்.

எல்லா டர்போவுக்கும் இந்த நோய் இல்லை. டாடா நெக்ஸானின் 1.2 டர்போவில் இன்ஜெக்டர் சிலிண்டருக்கு வெளியேதான் இருக்கிறது. மஹிந்திராவின் 1.2 டர்போவில் மாடலைப் பொறுத்து இரண்டு வகை இன்ஜினும் உண்டு. உங்களுடையது எது என்று தெரிந்துகொண்டு செலவு செய்யுங்கள்.

2015 மாடல் ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட், 1.0 ஈக்கோபூஸ்ட், 62,000 கி.மீ., நல்ல விலைக்கு வருகிறது. வாங்கலாமா?
– வாசகர், புதுச்சேரி

விலையில் டைமிங் பெல்ட்டை மாற்றும் செலவைக் கழித்துப் பேசினால் வாங்கலாம். இந்த இன்ஜினில் பெல்ட் ஆயிலுக்குள் நனைந்தபடி ஓடுகிறது. வயதானாலும், தவறான ஆயில் ஊற்றினாலும் ரப்பர் உதிர்ந்து சம்பில் உள்ள வடிகட்டியை அடைக்கும். ஆயில் அழுத்தம் விழுந்தால் டர்போவும் பேரிங்குகளும் சேர்ந்தே போகும். கி.மீ. குறைவு என்பது இங்கே ஆறுதல் இல்லை. பத்து வருட ரப்பர் பத்து வருட ரப்பர்தான். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து டார்ச் அடித்தால் பெல்ட்டின் ஒரு பகுதி தெரியும். ஓரம் பிசிறடித்திருந்தாலோ, வெடிப்பு இருந்தாலோ பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். சம்பை இறக்கி வடிகட்டியைக் காட்டச் சம்மதிக்கிறவரிடம் மட்டும் அட்வான்ஸ் கொடுங்கள். கூலன்ட் அளவையும் பாருங்கள். இந்த இன்ஜினின் ஆரம்பகால கார்களில் கூலன்ட் குழாய் விட்டுப்போய், இன்ஜின் சூடேறி சிலிண்டர் ஹெட் வளைந்த கதைகள் உண்டு. 2021-ல் ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது என்பதால், பெல்ட் கிட் உங்கள் ஊரில் கிடைக்கிறதா என்று உதிரிபாகக் கடையில் கேட்டுவிட்டே விலை பேசப் போங்கள்.