இத்தாலியில் செனகல் நாட்டவரின் நிலை மற்ற குடியேறிகளோடு ஒப்பிட்டால் எப்படி?

முதலில் கண்ணில் படும் வேறுபாடு, மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலிலிருந்து வந்தவர்களில் ஆண்கள்தான் மிக அதிகம், ஏறக்குறைய நான்கில் மூவர். உக்ரைனிலிருந்து வந்தவர்களிடம் இது தலைகீழ். பெரும்பாலும் பெண்கள், முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வீட்டு வேலை. ருமேனியா 2007-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்துவிட்டதால் அவர்களுக்கு விசா கவலையே கிடையாது. செனகல்காரருக்கோ வேலை போனால் தங்கும் அனுமதியைப் புதுப்பிப்பதே பெரும்பாடு, அதனால் கிடைத்த கூலிக்குத் தலையாட்ட வேண்டியிருக்கிறது.

தெருவில் பை விற்பவர்களை மட்டும் பார்த்துவிட்டு எல்லோரும் அப்படித்தான் என்று நினைக்காதீர்கள். வடக்கு இத்தாலியில் பெர்காமோ, பிரேஷா பக்கம் தொழிற்சாலைகளில் பல வருடங்களாக உழைப்பவர்கள் ஏராளம்.

சரி, அவர்களைத் தாங்கிப் பிடிப்பது எது? பலர் மூரிட் என்ற சூஃபி இஸ்லாமிய மரபைச் சேர்ந்தவர்கள், அதன் புனித நகரம் செனகலில் உள்ள தூபா. ஊருக்கு ஊர் தாஹிரா என்ற கூட்டம் வைத்திருக்கிறார்கள். புதிதாக வருபவனுக்குப் படுக்க இடம், விற்பதற்குக் கொஞ்சம் பொருள், யாராவது இறந்தால் உடலை ஊருக்கு அனுப்பப் பணம், எல்லாம் அதன் வழியாகத்தான் நடக்கிறது. வெளிநாட்டில் இருப்பவர்கள் அனுப்பும் பணம் செனகல் பொருளாதாரத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு, அவ்வளவு அனுப்புவதற்காகத் தங்கள் செலவைச் சுருக்கித்தான் வாழ்கிறார்கள்.

அப்புறம் நிறவெறி. 2011 டிசம்பரில் ஃபுளோரன்ஸ் நகரில் செனகல் வியாபாரிகள் இரண்டு பேரை ஒரு தீவிர வலதுசாரி சுட்டுக் கொன்றான். வெள்ளைத்தோல் குடியேறிக்கு இந்தப் பயம் பெரும்பாலும் இல்லை.