பலகை முதலில், வங்கு பிறகு

அன்புள்ள ஐயா,

1025-இல் கடாரத்தின் மீது படையெடுத்த ராஜேந்திர சோழனின் கப்பல்கள் எவ்வளவு பெரியவை? கடாரம் இன்றைய கெடாதானா? அக்கப்பல்களின் வரைபடம் கிடைத்தால், மாதிரி செய்து எங்கள் தமிழ்ப்பள்ளி விழாவில் வைப்போம்.

வாசகர், பட்டர்வொர்த்

அன்புள்ள தம்பி,

பிள்ளைகளுக்காகக் கப்பல் செய்ய நினைத்தீர்களே, அதற்காகவே உடனே எழுதுகிறேன். கடாரம் இன்றைய கெடாதான் என்பர்; அதை அறிய அங்குள்ள தொல்லியல் களமான பூஜாங் பள்ளத்தாக்குக்குப் போங்கள்; உங்களுக்குப் பக்கம்தான். அளவை விடுங்கள். நம்மவர்கள் மேடைக்கு மேடை சோழர் கப்பலை நீட்டிக்கொண்டே போகிறார்கள். அதைத் தச்சன் எப்படிக் கட்டினான் என்று ஒருவராவது கேட்டதுண்டா?

வரைபடம் என்றீர்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது.

மலேசியாவின் கீழைக்கரையில், குவாலா திரங்கானுவின் டூயோங் தீவில், மலாய்த் தச்சர்கள் படகு கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். ஏரா என்னும் அடிமரத்தைக் கிடத்தியதும் விலாச் சட்டங்களான வங்குகளை அவர்கள் நிறுத்துவதில்லை. செங்கால் மரப் பலகைகளையே முதலில் ஏற்றுகிறார்கள். விளிம்பில் துளையிட்டு, மர ஆணி இறக்கி, இடையே கெலாம் மரப்பட்டையை வைத்து, மேல்பலகையை அடித்து இறுக்குகிறார்கள். தண்ணீரில் பட்டை ஊறி இடுக்கை அடைத்துக்கொள்ளும். கூடு எழுந்த பிறகுதான் உள்ளே வங்கு. அன்று ஒரு முதியவர், பொருத்திய பலகைக்கும் கீழ்ப்பலகைக்கும் நடுவே மயிரிழை வெளிச்சம் தெரிந்ததற்காக அதைக் கழற்றி, மறுபடி இழைக்க உட்கார்ந்தார். அவசரமே இல்லை. பக்கத்தில் வரைபடத் தாள் ஒன்றும் இல்லை.

புரிகிறதா தம்பி? சட்டத்தை முதலில் நிறுத்தும் முறையில் பலகை வெறும் தோல். சட்டத்திலேயே வடிவம் முடிந்துவிடும். இங்கே பலகைதான் உடல். ஒரு பலகையின் வளைவு அடுத்த பலகையின் வளைவைத் தீர்மானிக்கிறது. அதை அறிந்தது தச்சனின் கண்ணும் உள்ளங்கையும்தான். நம் சோழமண்டலக் கரையின் மசூலாப் படகிலும் பலகைகளைத் தென்னைநார்க் கயிற்றால் தைத்தார்கள். இரும்பாணி இல்லை, வங்கும் இல்லை. அலை மோதினால் வளைந்து கொடுக்கும். கயிற்றில் தைத்தது பெருங்கடலுக்கு ஆகாது என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். 1998-இல் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே கண்டெடுத்த 9-ஆம் நூற்றாண்டுக் கப்பல் தைத்ததுதான். அதைப் பார்த்து ஓமானில் கட்டிய 18 மீட்டர் கப்பல் 2010-இல் மஸ்கட்டிலிருந்து சிங்கப்பூர் வந்து சேர்ந்தது.

டூயோங்கில் இன்று தொழில் தெரிந்தவர்கள் சிலரே. செங்கால் மரமும் அரிதாகி, விலை ஏறிவிட்டது. கைகள் கண்முன்னே குறைந்துவருகின்றன. நீங்களோ ஆயிரமாண்டுக்கு முந்தைய தாளைத் தேடுகிறீர்கள்!

கீழைக்கரையில் ஆண்டு இறுதி மழைக்காலம். மார்ச்சுக்குப் பிறகு பிள்ளைகளோடு டூயோங் போய்வாருங்கள். விழாவுக்கு அட்டைக் கப்பல் வேண்டாம். மூன்றே மூன்று பலகைகளை விளிம்போடு விளிம்பாக மர ஆணியால் சேர்த்து வையுங்கள். துளையிடுவதில் தடுமாற்றம் வந்தால் எனக்கு எழுதுங்கள்.