ஈரல் நோய்க்குப் பத்தியமா, பந்தியா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 19 வயது மகனுக்கு மஞ்சள் காமாலை. ரத்தப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் ஏ என்று வந்தது. எண்ணெய், உப்பு, பருப்பு, மஞ்சள்தூள் எதுவும் ஆகாது என்கிறார் மாமியார். பத்து நாளாக இட்லியும் மோர்சாதமும்தான், நன்றாக இளைத்துவிட்டான். கரும்புச்சாறு தரலாமா?
– வாசகி, விழுப்புரம்

பதில்: நோயோடு பத்தியமும் சேர்ந்து இளைக்க வைத்திருக்கிறது. ஹெபடைடிஸ் ஏ கிருமியைக் கொல்லத் தனி மருந்து கிடையாது. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் உடம்பே அதை விரட்டிவிடும். அதற்குத் தெம்பு வேண்டும். தெம்புக்குச் சோறும் பருப்பும் வேண்டும்.

வழக்கமான தாளிப்பு எண்ணெய் சேர்க்கலாம். பஜ்ஜி, பூரி வேண்டாம் என்பது குமட்டலைக் கூட்டும் என்பதால்தான். எண்ணெய் ஈரலைக் கெடுத்துவிடும் என்பதால் அல்ல. பருப்பு, முட்டை, மீன், தயிர் எல்லாம் ஆகும். மஞ்சள்தூளைச் சாம்பாரில் போடுவதால் கண் மஞ்சள் கூடாது. காமாலையின் மஞ்சள், ரத்தத்தில் சேரும் பிலிருபின் என்ற நிறமியால் வருவது. மாமியாரிடம் இதைச் சொல்லும் பொறுப்பை மட்டும் நாங்கள் ஏற்க முடியாது.

இந்த நோயில் காலையில் பசி இருக்கும், பொழுது சாயச் சாயக் குமட்டல் ஏறும். ஆகவே அன்றைய பெரிய சாப்பாட்டைக் காலை எட்டு மணிக்கே கொடுத்துவிடுங்கள். இரவுக்குக் கஞ்சியோ இடியாப்பமும் பாலுமோ போதும்.

கரும்புச்சாறு இனிப்பு தரும், அவ்வளவுதான், காமாலையைக் குணமாக்காது. வண்டிக்கடைச் சாற்றில் போடும் ஐஸும் டம்ளர் கழுவும் தண்ணீரும்தான் கவலை. இதே கிருமி பரவும் வழி அது. வீட்டில் எல்லோரும் குமிழ் விட்டுக் கொதித்த தண்ணீரையே குடியுங்கள். கழிப்பறைக்குப் போய்வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

நிற்காத வாந்தி, பகலில் தூங்கி இரவில் விழிப்பது, பேச்சில் குழப்பம், எங்காவது ரத்தக் கசிவு: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே மருத்துவமனை. கர்ப்பிணிக்குக் காமாலை வந்தால் இவை எதற்கும் காத்திருக்கவே கூடாது. காமாலை தரும் இன்னொரு கிருமியான ஹெபடைடிஸ் ஈ அவர்கள் உயிருக்கே ஆபத்தாகலாம்.

கேள்வி: கணவருக்கு 52 வயது, சிரோசிஸ் (ஈரல் தழும்பேறிச் சுருங்கும் நோய்). போன வருடம் நினைவு தடுமாறி மருத்துவமனையில் சேர்த்தோம். ‘புரதம் ஆகாது’ என்று உறவினர்கள் சொல்ல, பருப்பு, முட்டை, பால் மூன்றையும் நிறுத்திவிட்டோம். தொடை சூம்பிவிட்டது. எடை 60 கிலோ. என்ன கொடுக்கலாம்?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: பல வருடங்களுக்கு முன் மருத்துவர்களே அப்படிச் சொன்னதுண்டு. இன்று அந்த ஆலோசனை இல்லை. தடுமாற்றத்துக்குக் காரணமான அமோனியாவை ஈரல் வெளியேற்ற முடியாதபோது தசைதான் ஓரளவு வாங்கிக்கொள்கிறது. தசை கரைந்தால் அந்த வழியும் அடைபடும். புரதத்தை நிறுத்தியது தடுமாற்றத்தை அழைத்துவரும் வேலை.

கணக்கு இது: ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம். 60 கிலோவுக்கு 72 முதல் 90 கிராம். வயிற்றில் நீர் இருந்தால் தராசு பொய் சொல்லும். நீர் வடிந்த பின் இருக்கும் எடையை வைத்துத்தான் கணக்கிட வேண்டும். அது எவ்வளவு என்று மருத்துவரைக் கேளுங்கள்.

90 கிராம் என்றால் மலைக்க வேண்டாம். காலை 6 மணிக்கு ஒரு டம்ளர் (200 மி.லி.) பால். 8 மணிக்கு நாலு இட்லி, ஒரு கிண்ணம் சாம்பார், ஒரு அவித்த முட்டை. 11 மணிக்கு ஒரு கைப்பிடி (30 கிராம்) பொட்டுக்கடலை. மதியம் 100 கிராம் அரிசிச் சோறு, 40 கிராம் பருப்பில் கூட்டு, 75 கிராம் மீன், ஒரு கிண்ணம் தயிர். மாலையில் 40 கிராம் கடலை ஊறவைத்த சுண்டல். இரவு மூன்று சப்பாத்தி, காய்கறி. படுக்கும்முன் மறுபடி பால். கூட்டினால் 90 கிராம் பக்கம் வரும். சைவம் என்றால் மீனும் முட்டையும் போக 70 கிராமைத் தொடும். தடுமாற்றம் வந்தவர்களுக்கு இறைச்சியைவிடப் பருப்பும் பாலும் தயிரும் நன்றாக ஒத்துப்போகின்றன.

ஆனால் நீங்கள் எதைக் கொடுக்கிறீர்கள் என்பதைவிட எத்தனை மணிக்குக் கொடுக்கிறீர்கள் என்பதைத்தான் நாங்கள் முதலில் கேட்போம். நல்ல ஈரலில் மாவுச்சத்து சேமிப்பாக இருக்கும். இரவு முழுக்க அதிலிருந்து உடம்புக்குச் சர்க்கரை வரும். சிரோசிஸில் அந்தச் சேமிப்பு மிகக் குறைவு. இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டுக் காலை எட்டுக்கு எழுந்து பல் துலக்கும் நோயாளியின் உடம்பு, நல்ல ஆள் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்த நிலைக்கு வந்திருக்கும். அந்நேரம் தசைதான் கரைகிறது. ஆகவே பகலில் மூன்று நாலு மணி நேரத்துக்கு மேல் வெறும் வயிறு கூடாது. இரவு பத்து மணி வாக்கில், பல் துலக்கிவிட்டாலும் சரி, சுமார் 50 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். இரண்டு இட்லி, ஒரு வாழைப்பழம், ஒரு டம்ளர் பால் சேர்ந்தால் அந்த அளவு. இட்லி சலித்தால் 40 கிராம் கேழ்வரகு மாவைப் பாலில் கஞ்சியாகக் காய்ச்சி, இரண்டு பேரீச்சம்பழத்தோடு கொடுங்கள். சர்க்கரை நோயும் இருந்தால் இதை நிறுத்தாதீர்கள். மாத்திரை, இன்சுலின் அளவை மருத்துவர் மாற்றித் தருவார். வெள்ளி, சனி விரதங்களை இந்த நோயாளி கடைப்பிடிக்கவே கூடாது.

லாக்டுலோஸ் என்ற மலமிளக்கி சிரப் கொடுத்திருந்தால், நாளைக்கு இரண்டு மூன்று முறை மலம் இளகிப் போவதுதான் குறி. ஒருமுறைகூடப் போகவில்லை என்றால் அமோனியா ஏறும். ஆறேழு முறை போனால் உடம்பு வற்றி, அதனாலும் தடுமாறும். அளவைக் கூட்டவும் குறைக்கவும் மருத்துவரிடம் கேளுங்கள். தினமும் ஒரு தாளில் கையெழுத்துப் போடச் சொல்லி வையுங்கள். எழுத்து கோணத் தொடங்கினால், பேச்சு குழறும்முன்னே தெரிந்துவிடும்.

கேள்வி: அப்பாவுக்கு வயிற்றில் நீர் கோத்திருக்கிறது. உப்பில்லாமல் கொடுத்தால் தட்டைத் தள்ளிவிடுகிறார். இந்துப்பு சேர்க்கலாமா? தண்ணீரையும் குறைக்கணுமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: இந்துப்பும் சோடியம் குளோரைடுதான், ஈரலுக்கு நிறம் தெரியாது. ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று கடையில் விற்பது இன்னும் மோசம். அதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். நீர் வடிய ஸ்பைரனோலாக்டோன் சாப்பிடுபவருக்கு ஏற்கெனவே பொட்டாசியம் ஏறும். இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பே குலையலாம்.

உப்பை முழுக்க நிறுத்தச் சொல்வதில்லை. ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராம் உப்பு, அதாவது தட்டின ஒரு தேக்கரண்டி. இதைக் காலையிலேயே ஒரு சின்ன டப்பாவில் அளந்துபோட்டு, அவர் பங்கை உப்பில்லாமல் எடுத்துவைத்து, சாப்பிடும்போது டப்பாவிலிருந்து மேலே தூவுங்கள். நாக்கில் நேராகப் படும் உப்பு, கொஞ்சமானாலும் உறைக்கும். இட்லி மாவிலும் பிஸ்கட்டிலும் ரொட்டியிலும் உப்பு இருப்பதால் டப்பாவில் முக்கால் தேக்கரண்டிக்கு மேல் போடாதீர்கள். அப்பளம், வடகம், ஊறுகாய், கருவாடு, மோர்மிளகாய், சிப்ஸ், பாக்கெட் சூப் வீட்டுக்குள்ளேயே வேண்டாம். வாயுவுக்கென்று கரைத்துக் குடிக்கும் சோடா பொடிகளும் சோடியம்தான். இதைப் பலர் கவனிப்பதில்லை. எலுமிச்சை, மாங்காய், பூண்டு, மிளகு, மல்லித்தழை ருசியை ஓரளவு ஈடுகட்டும்.

உப்பைக் குறைக்கப்போய்ச் சாப்பாடே குறைந்தால் நஷ்டம்தான். அப்படியானால் உப்பைச் சற்றுத் தளர்த்துவது பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். தண்ணீரை நீங்களாகக் குறைக்காதீர்கள். ரத்தச் சோடியம் மிகவும், பொதுவாக 125-க்குக் கீழ், இறங்கினால்தான் கட்டுப்பாடு வைப்பார்கள். கால்வலி, மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் கூடவே கூடாது, சிறுநீரகம் படுத்துவிடும்.

கேள்வி: காசநோய் மாத்திரை தொடங்கி மூன்று வாரம். குமட்டுகிறது, சாப்பாடு இறங்கவில்லை. ஈரலைக் காக்க என்ன சாப்பிடலாம்?
– வாசகர், சேலம்

பதில்: சாப்பாட்டைப் பிறகு பார்க்கலாம், முதலில் ஈரல் பரிசோதனை. ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைடு மூன்றுமே ஈரலைப் பதம்பார்க்கக் கூடியவை. எஸ்ஜிபிடி (ஈரல் பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) அளவு இயல்பின் மேல்வரம்பைப்போல மூன்று மடங்கு ஏறி, உங்களுக்கு இருப்பதுபோல் தொந்தரவும் இருந்தால் மாத்திரையை நிறுத்துவார்கள். தொந்தரவே இல்லாவிட்டாலும் ஐந்து மடங்கில் நிறுத்துவார்கள். சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போனாலோ கண் மஞ்சளானாலோ, அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் அன்றே காசநோய் சிகிச்சை மையத்துக்குப் போங்கள். வெறும் குமட்டலுக்காக நீங்களாகவே நிறுத்திவிட்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள். கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறிவிடும்.

பரிசோதனை சரியாக இருந்தால், மாத்திரையோடு ஒரு இட்லியோ இரண்டு பிஸ்கட்டோ சாப்பிட்டுப் பார்க்கலாமா என்று மையத்தில் கேளுங்கள். மதுவை ஒரு சொட்டுக்கூடத் தொடாதீர்கள். சூரை மீனையும் தவிருங்கள்: அதில் ஒவ்வாமை போன்ற தொந்தரவு தரும் ஹிஸ்டமின் என்ற பொருள் அதிகம் சேர்ந்திருக்கலாம், ஐசோனியாசிட் அதை உடம்பு கழிக்கவிடாது. முகம் சிவந்து, தலை வலித்து, நெஞ்சு படபடக்கும். இலங்கையில் 1977-லேயே மருத்துவர்கள் இதைப் பதிவுசெய்தார்கள். காசநோயாளிகளின் சத்துணவுக்கு அரசு தரும் நிக்ஷய் போஷன் உதவித்தொகை 2024 நவம்பரிலிருந்து மாதம் 1,000 ரூபாய்; அதை வாங்கி முட்டைக்கும் பயறுக்கும் செலவிடுங்கள்.

கேள்வி: கீழாநெல்லிச் சாறும் சீந்தில் பொடியும் ஈரலுக்கு நல்லது என்கிறார்களே?
– வாசகர், மதுரை

பதில்: 1988-ல் சென்னையில் நடந்த ஆய்வில் கீழாநெல்லி ஹெபடைடிஸ் பி-க்குப் பலன் தருவதுபோலத் தெரிந்தது. பிற இடங்களில் செய்தபோது அந்தப் பலன் உறுதிப்படவில்லை. தானாகவே ஆறும் ஹெபடைடிஸ் ஏ காமாலையில் பெயர் மட்டும் கீழாநெல்லிக்குப் போகிறது. பித்தக்குழாயில் கல் அடைத்து வரும் காமாலையில் (மலம் வெளுத்துப்போகும், உடம்பு அரிக்கும்) சாறு குடித்துக் காத்திருந்தால் காலம் வீணாகும். சீந்திலோ, கொரோனா காலத்தில் தினமும் குடித்தவர்களில் சிலருக்கு ஈரல் அழற்சி வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021-ல் பதிவுசெய்தார்கள். ஈரல் நோயாளிக்கு இரண்டும் வேண்டாம்.

கேள்வி: கொழுப்பு ஈரல் இருக்கிறது. ஃபில்டர் காபியை விடணுமா?
– வாசகி, கோவை

பதில்: வேண்டாம். காபி குடிப்பவர்களுக்கு ஈரலில் தழும்பு குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. நாளைக்கு இரண்டு மூன்று டம்ளர், சர்க்கரை இல்லாமல்.