நிறம் மாறிய நாடா எதைச் சொல்கிறது?

கேள்வி: மருத்துவமனையில் அறுவைக் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும் பிரிவில் பயிற்சி பெறுகிறேன். நீராவிக் கலனிலிருந்து வந்த பொதியின் நாடா கறுத்திருந்தும், உள்ளே ஈரம் இருந்ததால் மேற்பார்வையாளர் அதை ஏற்க மறுத்துவிட்டார். ஏன்?
– வாசகி, ஈசூன்

பதில்: அவர் செய்தது முற்றிலும் சரி. வெளியே ஒட்டிய நாடாவின் நிறமாற்றம், பொதி கலனுக்குள் சென்று சூடேறியது என்பதை மட்டுமே காட்டுகிறது. உள்ளே கிருமிகள் இறந்தன என்பதற்கு அது சான்றாகாது. 134 பாகை செல்சியஸ் நீராவி, கருவியின் எல்லாப் பரப்புகளையும் குறைந்தது 3 நிமிடங்கள் தொட வேண்டும். இடையில் காற்று தங்கினால் நீராவி அங்கே எட்டாது என்பதால்தான், வெற்றிட முறையில் இயங்கும் கலன்களில் ஒவ்வொரு நாளும் முதல் வேலையாகப் போவி-டிக் சோதனை செய்து, காற்று முழுமையாக வெளியேறுகிறதா என்று பார்க்கிறார்கள். கிருமிக்கொல்லும் திறனைச் சோதிக்க, வெப்பத்தைத் தாங்கவல்ல ஜியோபேசில்லஸ் ஸ்டீரோதெர்மோபிலஸ் என்னும் நுண்ணுயிரியின் வித்துகள் அடங்கிய குப்பி வைக்கப்படுகிறது.

ஈரமான உறை தடுப்புச்சுவராக நிற்காது. கையிலும் அலமாரியிலும் உள்ள கிருமிகள் ஈரத்தின் வழியே உள்ளே ஊடுருவும். சூடான பொதியைக் குளிர்ந்த உலோகத் தட்டில் வைத்தாலும் நீர் கோக்கும் என்பதால், அது ஆறும்வரை தொடாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இடுக்கியின் மூட்டில் காய்ந்த இரத்தம் இருந்தால் அதன் அடியில் நீராவி செல்லாது. ஆகவே மூட்டுகளைத் திறந்து, குழல்களுக்குள் தூரிகை செலுத்திக் கழுவும் வேலையையே நான் முதன்மையானதாகக் கருதுகிறேன்.