மூன்று நாளாகியும் மகளுக்குக் கொப்புளம் இல்லை, தப்பித்துவிட்டாளா?

கேள்வி: என் 7 வயது மகனுக்கு 3ஆம் தேதி சின்னம்மைக் கொப்புளம் தெரிந்தது. இன்று 6. 4 வயது மகளுக்கு ஒரு பொட்டுகூட இல்லை. இருவருக்கும் சின்னம்மைத் தடுப்பூசி போடவில்லை. வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் ஏஜென்ட், 'தொற்று பேக்கேஜ்' எடுத்து நெகட்டிவ் வந்தால் மகளைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்கிறார். எடுக்கலாமா? மகனை எப்போது பள்ளிக்கு அனுப்புவது? பள்ளியில் நெகட்டிவ் சான்று கேட்கிறார்கள். ஆறு மாத கர்ப்பிணியான என் நாத்தனார் 2ஆம் தேதி வந்து, மதியம் முழுக்க மகனோடு இருந்தார். அப்போது அவனுக்குக் கொப்புளம் இல்லையே, பயமில்லைதானே?

பதில்: பரிசோதனை வேண்டாம். அந்தப் பணத்தில் மகளுக்கு இன்றே தடுப்பூசி போடுங்கள். நாத்தனார் விஷயத்தில்தான் அவசரம் இருக்கிறது. அதற்குக் கீழே வருகிறேன்.

முதலில் மகள். சின்னம்மைக் கிருமி உடலுக்குள் புகுந்து கொப்புளம் தெரிய 10 முதல் 21 நாள் ஆகும். பெரும்பாலும் 14 முதல் 16. மகனோ கொப்புளம் வருவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே கிருமியைப் பரப்பத் தொடங்கியிருப்பான். ஆகவே மகளுக்கான கணக்கை 3ஆம் தேதியிலிருந்து அல்ல, 1ஆம் தேதியிலிருந்து எண்ணுங்கள். அவளுக்குக் கொப்புளம் வந்தால் அது 11ஆம் தேதிக்குப் பிறகுதான். 15, 16, 17 தேதிகளில் வர வாய்ப்பு அதிகம். அதோடு முடியவில்லை. மகனின் கடைசிக் கொப்புளம் பொருக்குத் தட்டும்வரை அவள் மீது கிருமி பட்டுக்கொண்டேதான் இருக்கும். 9ஆம் தேதி எல்லாம் காய்ந்துவிட்டது என்று வைத்துக்கொண்டால், அதிலிருந்து 21 நாள், அதாவது 30ஆம் தேதி தாண்டிய பிறகே தப்பித்தாள் என்று சொல்ல முடியும். பாதுகாப்பு இல்லாத பத்துப் பேர் இப்படி ஒரே வீட்டில் இருந்தால் ஒன்பது பேருக்கு வரக்கூடிய நோய் இது. மூன்று நாள் அமைதியை நம்பி இருந்துவிடாதீர்கள்.

கிருமி பட்டு 3 நாளுக்குள் தடுப்பூசி போட்டால் நோயைத் தடுக்கவோ வேகத்தைக் குறைக்கவோ நல்ல வாய்ப்பு உண்டு. 5 நாள்வரைகூடப் பலன் கிடைக்கலாம். உங்கள் கணக்கில் அந்த ஐந்தாவது நாள் இன்றுதான். நாளைக்கு என்று தள்ளாதீர்கள். உள்ளே கிருமி ஏற்கெனவே இருந்தாலும் ஊசியால் கெடுதல் இல்லை. இந்த முறை தொற்றவில்லை என்றால் அடுத்த முறைக்கு உதவும்.

இனி அந்த பேக்கேஜ். நோய் அரும்பும் காலத்தில் எடுக்கும் ரத்தத்தில் நெகட்டிவ் வருவது இயல்பு. அது 'நோய் வராது' என்று சொல்லவில்லை, 'இன்னும் எதுவும் தெரியவில்லை' என்றுதான் சொல்கிறது. 11ஆம் தேதிக்குமேல் கொப்புளம் வந்தாலும் 'உறுதிசெய்ய' இரண்டாவது பேக்கேஜ் தேவையில்லை. சின்னம்மையைப் பெரும்பாலும் கண்ணால் பார்த்தே மருத்துவர் சொல்லிவிடுவார்: உடம்பில் தொடங்கி, ஒரே இடத்தில் சிவப்புப் புள்ளி, நீர் கோத்த கொப்புளம், காய்ந்த பொருக்கு மூன்றும் சேர்ந்து இருக்கும். சந்தேகம் வந்தால் கொப்புள நீரைச் சோதிக்க வேண்டும், ரத்தத்தை அல்ல. வீடு முழுக்கப் புகை அடித்துக் கிருமியைக் கொல்லவும் தேவையில்லை. இந்தக் கிருமி நோயாளியின் மூச்சிலிருந்தும் கொப்புளத்திலிருந்தும் காற்றில் வருகிறது. உடலுக்கு வெளியே அதிக நேரம் தாங்காது. ஜன்னலைத் திறந்து வையுங்கள், துணியை வழக்கம்போல் துவையுங்கள், போதும். மகனுக்குக் காய்ச்சலென்று ஆஸ்பிரினோ ஐபுப்ரோஃபெனோ கொடுத்துவிடாதீர்கள். வயதுக்கும் எடைக்கும் ஏற்ற அளவில் பாராசிட்டமால் மட்டும்.

பரிசோதனை வேண்டாம் என்றேன் அல்லவா, ஒரே ஒருவருக்கு வேண்டும். அது உங்கள் நாத்தனார். கொப்புளம் இல்லை என்பதால் 2ஆம் தேதி அவன் தொற்றாதவன் என்று எண்ணாதீர்கள். அது தொற்றும் நாள்தான். ஒரே அறையில் கால் மணி நேரம் இருந்தாலே அதைத் தொடர்பாகக் கொள்வார்கள். இவர் மதியம் முழுக்க இருந்திருக்கிறார். இன்றே கூப்பிட்டு, சிறு வயதில் சின்னம்மை வந்ததா, தடுப்பூசி இரண்டு தவணையும் போட்டிருக்கிறாரா என்று கேளுங்கள். அவருடைய அம்மாவிடமும் கேட்கச் சொல்லுங்கள். நிச்சயமாக வந்திருந்தால், அல்லது இரண்டு தவணையும் போட்டிருந்தால் கவலையை விடலாம். இரண்டும் இல்லை, அல்லது நினைவில்லை என்றால், உடனே மகப்பேறு மருத்துவரிடம் சொல்லி ஐ.ஜி.ஜி. எதிர்ப்பொருள் சோதனை செய்ய வேண்டும். பழைய பாதுகாப்பு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை இது. பாதுகாப்பு இல்லையென்றால், எதிர்ப்பொருளையே நேரடியாக உடலில் செலுத்தும் இம்யூனோகுளோபுலின் ஊசி உண்டு. அதைத் தொடர்பு ஏற்பட்ட 10 நாளுக்குள், அதாவது 12ஆம் தேதிக்குள் போட வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. சில மருத்துவர்கள் அதற்குப் பதில் வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தருவார்கள். கர்ப்பிணிக்கு இந்த நோய் நுரையீரலைத் தாக்கினால் உயிருக்கே ஆபத்து, அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன். மகளுக்குப் போடும் தடுப்பூசியை இவருக்குப் போடவே கூடாது. அது உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரித்தது. இம்யூனோகுளோபுலின் போட்டுக்கொண்டால் நோய் அரும்பும் காலம் 28 நாள்வரை நீளலாம், ஆகவே 21ஆம் நாளோடு கண்காணிப்பை விட்டுவிட வேண்டாம். மருத்துவமனைக்குப் போகுமுன் போனில் தகவல் சொல்லட்டும். காத்திருக்கும் கூடத்தில் மற்ற கர்ப்பிணிகளோடு உட்கார வேண்டாம்.

கடைசியாகப் பள்ளி. மகன் திரும்பிப் போக, புதுக் கொப்புளம் வருவது நின்று, இருப்பவை எல்லாம் பொருக்குத் தட்டியிருக்க வேண்டும். பொதுவாக 5 முதல் 7 நாள். பொருக்கு உதிரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நெகட்டிவ் சான்று கேட்பது பொருளற்றது. அப்படி ஒரு சோதனையை யாரும் செய்ய வேண்டியதில்லை. 1, 2 தேதிகளில் அவன் வகுப்புக்குப் போயிருந்தால், அவனிடமிருந்து தொற்றியவர்களை எந்தச் சான்றும் காப்பாற்றப் போவதில்லை. 'கொப்புளங்கள் அனைத்தும் காய்ந்துவிட்டன' என்று மருத்துவரிடம் ஒரு வரி எழுதி வாங்கிக் கொடுங்கள். கூடவே, வகுப்பில் மற்ற பெற்றோருக்குத் தகவல் சொல்லச் சொல்லுங்கள். கொப்புளம் தெரிய இரண்டு நாள் முன்பே அவளும் பரப்பக்கூடும் என்பதால், மகளை 9 முதல் 30ஆம் தேதிவரை வீட்டில் வைத்துக்கொண்டு, தினமும் குளிப்பாட்டும்போது மார்பு, முதுகு, தலைமுடிக்குள் பாருங்கள்.